பழைய கடைசல் இயந்திரம்: வாங்குதலும் சீர்செய்தலும்

கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் வடம் அறுந்தால் மறுநாள் விடியுமுன் புது வடம் வந்துவிடும். தோல் வால் கிழிந்தால் தைத்துத் தருவோர் ஊரிலேயே இருந்தனர். இன்று நமது கிணறுகளில் இறைப்பது மோட்டார் பம்பு. அதன் ஷாஃப்டில் பேரிங்கு உட்காரும் இடம் மயிரிழையளவு தேய்ந்துவிட்டால் பம்பு அதிர்கிறது, சூடேறுகிறது, நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்யக் கடைசல் இயந்திரம், அதாவது நாம் யாவரும் லேத்து என்று வழங்கும் இயந்திரம், வேண்டும். அது பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறது. பம்பைக் கழற்றி, வண்டியேற்றி, பட்டறையில் முறைக்குக் காத்திருந்து, மீண்டும் கொணர்ந்து பூட்டுவதற்குள் நான்கைந்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. நெல் பூக்கும் தருணத்தில் அந்த நான்கைந்து நாட்கள் எத்தகையவை என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நான் கூற வேண்டுவதில்லை.

ஆகையால் ஊருக்குள் ஒரு லேத்து இருப்பது ஆடம்பரமன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பயிற்சி முடித்துவிட்டு, சில ஆண்டுகள் ஆலைகளில் வேலை பார்த்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர், வீட்டையொட்டிய கொட்டகையில் பழைய லேத்து ஒன்றை அமைத்துக்கொள்ள விரும்பி ஒன்றிய அலுவலகத்திற்கு வந்து யோசனை கேட்கின்றனர். புதிய இயந்திரத்தின் விலை அவர்களுக்கு எட்டாதது. மூடப்பட்ட ஆலைகளிலிருந்தும், கணினியால் இயங்கும் புது இயந்திரங்களுக்கு மாறிவிட்ட தொழிற்சாலைகளிலிருந்தும் வெளிவரும் பழைய லேத்துகளோ சில வேளைகளில் பழைய இரும்பின் விலையைச் சற்றே மிஞ்சிய விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் இன்னும் முப்பது ஆண்டு உழைக்கக்கூடியவையும் உண்டு. வாங்கிய அன்றே உருக்கு உலைக்கு அனுப்பத்தக்கவையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு, வாங்கியதைச் செப்பனிடுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயந்திரம் வந்த வழி

கடைதல் நமக்குப் புதிதன்று. கட்டில் கால், தொட்டில் கம்பு, குழந்தைகளின் சொப்பு முதலியவற்றை மரத்தில் கடையும் கைவினை நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சுழலும் பொருளின்மீது உளியைப் பிடித்துச் சீவுவதே கடைசல். மரத்தைக் கடைபவர் உளியைக் கையால் பிடிக்கலாம். இரும்பை நுட்பமாகக் கடைவதற்குக் கை போதாது. உளியை இறுகப் பிடித்து, நேர்கோடு பிசகாமல் நகர்த்தும் இரும்புப் பிடி ஒன்று வேண்டும். அப்பிடியையும், அதனைச் சீராக இழுத்துச் செல்லும் திருகாணியையும், பல்சக்கரங்களையும் ஒன்றிணைத்து, திட்டமான மரை வெட்டும் லேத்தை 1800ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் அமைத்துக் காட்டியவர் ஹென்றி மாட்ஸ்லி. அவரது பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகாணி மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். நமது ஊர்ப் பழைய பம்புகளின் போல்ட்டுகளில் இன்றும் அந்த விட்வொர்த் மரையைக் காணலாம்.

நம் நாட்டில் ஹரிஹரில் 1941இல் நிறுவப்பெற்ற மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூரில் 1953இல் அரசினரால் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. ஆகியவை செய்த லேத்துகள் நாடெங்கும் பரவின. கோவையில் 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கழகமும் லேத்துகளைச் செய்தது. பஞ்சாபில் பட்டாலா, குஜராத்தில் ராஜ்கோட் ஆகிய ஊர்களில் சிறு பட்டறைகளில் செய்யப்பட்டவையும் ஏராளமாக இங்கு வந்துள்ளன. இன்று கைமாறும் பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. பெயர்ப் பலகையைக் கண்டு மட்டும் தீர்மானித்தல் தகாது. புகழ்பெற்ற தொழிற்சாலையின் லேத்து மூன்று முறை மாறி மாறி இருபத்துநான்கு மணி நேரமும் உழைத்து ஓய்ந்ததாக இருக்கலாம். பெயரறியாப் பட்டறையின் லேத்து ஒரு பள்ளியின் பயிற்சிக் கூடத்தில் வாரம் இருமுறை மட்டும் ஓடியதாக இருக்கலாம்.

உறுப்புகள்

லேத்தின் அடிப்படை உறுப்பு, நீண்ட வார்ப்பிரும்புப் படுக்கை. பட்டறையில் இதனைப் பெட் என்பர். நாலரை அடி லேத்து, ஆறடி லேத்து என்று நம்மவர் கூறுவது இப்படுக்கையின் நீளத்தையே. படுக்கையின் இடக்கோடியில் தலைப்பெட்டி உள்ளது. அதனுள் சுழலும் தண்டே ஸ்பிண்டில். அதன் முகப்பில் வேலைப்பொருளைக் கவ்வும் சக்கு பூட்டப்பட்டிருக்கும். வலக்கோடியில் வால்பெட்டி. இரண்டுக்கும் இடையே படுக்கையின்மீது ஓடுவது சேடில். அதன்மேல் குறுக்கே நகரும் கிராஸ் சிலைடும், உளியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டும் அமைந்துள்ளன. படுக்கையின் முன்புறமாக ஓடும் நீண்ட திருகாணி லீட் ஸ்குரு எனப்படும். மரை வெட்டும்போது சேடிலை இழுத்துச் செல்வது இதுவே.

இவற்றுள் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது படுக்கையையும் ஸ்பிண்டிலையும் மட்டுமே என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்றவை தேய்ந்திருந்தாலும், உடைந்திருந்தாலும், இல்லாமலே இருந்தாலும் மாற்று உண்டு. கிராஸ் சிலைடின் நட்டு, புஷ், கைப்பிடி, ஊசி, திருகாணி ஆகியவற்றை அந்த லேத்திலேயே கடைந்துகொள்ளலாம். தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ள வல்ல இயந்திரம் பட்டறையில் இதற்கு நிகராக வேறொன்றில்லை. ஆனால் தன் படுக்கையையும் ஸ்பிண்டிலையும் அதனால் செய்துகொள்ள இயலாது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

சோதனைக்குச் செல்லும்போது ஒரு டயல் கேஜ், அதன் காந்த அடித்தாங்கி, ஒரு ஃபீலர் கேஜ், சிறு சுத்தியல், மண்ணெண்ணெய் நனைத்த துணி, கைவிளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்க. அனுபவமுள்ள டர்னர் ஒருவரை உடனழைத்துச் செல்வது இவை அனைத்தினும் மேலானது. பகற்பொழுதில் செல்க.

முதலில் வண்ணத்தை நம்பாதீர்கள். பழைய இயந்திரம் விற்போர் முதற்காரியமாகச் செய்வது வண்ணம் பூசுதல். எங்கள் அலுவலக நாற்காலிகளுக்கும் அவ்வப்போது வண்ணம் பூசப்படுகிறது. ஆடும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. புது வண்ணத்தின் அடியில் பற்றவைப்புத் தழும்பு இருக்கிறதா என்று படுக்கையின் அடிப்புறம், குறுக்குத் தாங்கிகள், தலைப்பெட்டியின் மூலைகள் ஆகியவற்றை விளக்குப் பிடித்துத் தடவிப் பாருங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் முழுமையான வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். வெடிப்புள்ளது கரகரத்து ஒலி மங்கும். படுக்கையில் வெடிப்பு இருக்குமாயின் விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுக.

அடுத்து, படுக்கையின் தேய்வு. நாள்தோறும் லேத்தில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை குட்டையானவை. ஆகவே சேடில் ஆண்டுக்கணக்கில் சக்கின் அருகிலேயே முன்னும் பின்னும் ஓடுகிறது. படுக்கை அவ்விடத்தில் மட்டும் தேய்ந்து, வலக்கோடியில் புதிது போலவே இருக்கும். இதனை இரண்டு வழிகளில் அறியலாம். சேடில் எட்டாத இடது எல்லையில் விரல் நகத்தை வைத்து வலப்புறமாக இழுத்தால் தேய்ந்த பகுதி ஒரு சிறு படிபோல் நகத்தில் தட்டுப்படும். இரண்டாவதாக, சேடிலைச் சக்கின் அருகில் நிறுத்தி, அதன் அடியிலுள்ள பிடிபட்டைகளை ஆட்டமின்றி ஓடும் அளவுக்கு இறுக்குக. பின்பு கைச்சக்கரத்தைச் சுற்றி வால்பெட்டிப் பக்கம் கொண்டு செல்க. வழியில் சேடில் இறுகி நின்றுவிடுமாயின், நிற்கும் இடத்தில் படுக்கையின் கனம் மிகுதி, சக்கருகே குறைவு என்பது தெளிவு. நேர்விளிம்புச் சட்டம் வைத்து ஃபீலர் கேஜைச் செருகினால் குறைவு எவ்வளவு என்ற கணக்கும் கிடைத்துவிடும்.

தேய்வு கண்டவுடன் இயந்திரத்தை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. இங்கு சற்று நின்று கணக்குப் பார்ப்பது நலம். படுக்கை நேர் கீழாக 0.1 மி.மீ. தாழ்ந்தால் உளியின் முனையும் அதே அளவு தாழும். 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டைக் கடையும்போது இதனால் விட்டத்தில் ஏற்படும் வேறுபாடு ஏறக்குறைய 0.001 மி.மீ. மட்டுமே. அது அளவுகோலில் அகப்படாது. ஆனால் உளி பக்கவாட்டில், அதாவது வேலைப்பொருளை நோக்கியோ விலகியோ, 0.1 மி.மீ. நகருமாயின் விட்டத்தில் 0.2 மி.மீ. பிழை உண்டாகும். முன்புறக் கூரை வடிவ வழி ஒருபக்கமாகத் தேய்ந்த படுக்கைகளில் இத்தகைய நகர்ச்சி ஏற்படுகிறது. அவற்றிலுங்கூட, நாம் செய்யவிருக்கும் வேலை எது என்பதைப் பொறுத்தே தீர்ப்புக் கூற வேண்டும். 6205 எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ.; அகலம் 15 மி.மீ. அது இறுக்கமாக உட்கார, வழக்கமான பொருத்தத்தின்படி ஷாஃப்டு 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்க வேண்டும். இது நுட்பமான அளவுதான். ஆனால் 15 மி.மீ. நீளத்திற்குள் படுக்கையின் தேய்வு பெரிதாக மாறிவிடுவதில்லை. ஆகையால் கவனமுள்ள டர்னர் தேய்ந்த லேத்திலும் பேரிங்கு இருக்கையைத் திட்டமாகக் கடைந்துவிடுவார். அரை மீட்டர் நீளமுள்ள கரும்பாலை உருளையைச் சீராகக் கடைவது அவரால் இயலாது. பம்பு வேலைக்கு வாங்குவோர் 0.1 மி.மீ. தேய்வுக்கு அஞ்ச வேண்டாம் என்பதும், கால் மி.மீ. கண்டால் படுக்கையைச் சாணை பிடிக்கும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும் என்பதும் என் கருத்து.

ஸ்பிண்டிலைச் சோதிக்க, சக்கில் ஒரு தடித்த கம்பியைக் கவ்வி, டயல் கேஜைப் படுக்கையில் நிறுத்தி, அதன் முனை சக்கின் மேற்புறத்தைத் தொடுமாறு வைத்து, சக்கின் அடியில் மரக்கட்டை கொடுத்து மெல்ல நெம்புக. ஊசி இரண்டு மூன்று கோடுகள், அதாவது 0.02 அல்லது 0.03 மி.மீ., நகர்ந்தால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் பெருமளவு நகர்ந்தால் பேரிங்கு மாற்றும் செலவு வரும். பின்னர்ப் பல்சக்கரங்களின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். மரை வெட்ட மாற்றிப் பூட்டும் சக்கரங்களின் தொகுதி முழுமையாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குக. இது இல்லாத லேத்துகளே சந்தையில் மிகுதி. தனியே தேடிச் சேர்ப்பது பெரும் அலைச்சல்.

இரண்டு லேத்துகள்

ஒரே ஒன்றியத்தில் இரண்டு இளைஞர்கள் ஓராண்டு இடைவெளியில் லேத்து வாங்கினர். முதலாமவர் பளபளக்கும் பச்சை வண்ணத்தில் நின்ற ஆறடி லேத்தை, தாயாரின் நகையை ஈடு வைத்து வாங்கினார். ஓட்டிக் காட்டினார்கள், சத்தமின்றி ஓடியது. ஊருக்குக் கொணர்ந்து ஆழமாக ஒரு சீவல் எடுத்ததும் உளி துடித்தது. கடைந்த பரப்பு உழுத நிலம்போல் வரிவரியாயிற்று. தலைப்பெட்டியின் அடியில் பழைய வெடிப்பைப் பற்றவைத்து, மேலே பூச்சடைத்து வண்ணம் தீட்டியிருந்தனர். ஆறு மாதம் போராடிய பின் அந்த லேத்து எடைக்குப் போயிற்று. நகை மீளவில்லை.

இரண்டாமவர் வாங்கியது, மூடப்பட்ட நூற்பாலையின் பராமரிப்புக் கூடத்தில் துருவேறி நின்ற நாலரை அடி லேத்து. சக்கு அசையவில்லை, கிராஸ் சிலைடின் கைப்பிடி இல்லை, மோட்டார் எரிந்திருந்தது. ஆனால் நகம் வைத்துப் பார்த்தபோது படியே தட்டுப்படவில்லை. துரு மேல்தோலோடு நின்றிருந்தது. ஆலையின் நாட்களில் அது அவசர வேலைக்கு மட்டும் ஓடிய இயந்திரம். வயல் வேலை இல்லாத மாலைகளில் ஐந்து மாதம் உழைத்து அவர் அதனைச் சீர்செய்தார். இன்று சுற்றுப்புறச் சிற்றூர்கள் மூன்றின் பம்பு வேலை அவரிடம் வருகிறது. ஊராட்சியின் கைப்பம்புக்கு அச்சுப் புஷ் கடைந்து கொடுப்பவரும் அவரே. நான் இனிக் கூறும் முறைகளில் பலவற்றை அவரது கொட்டகையில் நின்று பார்த்தேன்.

ஏற்றுதலும் இறக்குதலும்

ஆறடி லேத்தின் எடை முக்கால் டன்னிலிருந்து ஒரு டன்னுக்கு மேலும் செல்லும். எடையில் பெரும்பகுதி தலைப்பெட்டிப் பக்கமும் மேற்புறமும் இருப்பதால் எளிதில் சாயும். தூக்குமுன் சேடிலையும் வால்பெட்டியையும் வலக்கோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டால் எடை ஓரளவு சமனாகும். கயிற்றைப் படுக்கையின் அடியில் கொடுக்க வேண்டும். லீட் ஸ்குருவின்மீது அழுந்தினால் அது வளைந்துவிடும், பின்பு நிமிர்த்துவது அரிது. சக்கையும் மோட்டாரையும் முன்னரே கழற்றித் தனியே ஏற்றுக. தரையில் நகர்த்த இரும்புக் குழாய்களை உருளைகளாக இடலாம். சாயும் இயந்திரத்தை ஆள் தாங்கிப் பிடிக்க முயலவே கூடாது; விட்டு விலகிவிட வேண்டும். இயந்திரத்தைச் செப்பனிடலாம்.

சீர்செய்யும் ஒழுங்கு

கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது முதல் வேலை. இது நம் முன்னோர்க்குக் கிட்டாத வசதி. ஒவ்வோர் உறுப்பின் திருகாணிகளையும் தனித்தனிப் பையிலிட்டு எழுதி வைக்க வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் கழற்றிக் குவித்துவிடுவோர் திரும்பப் பூட்டுவதில்லை. இதனைப் பல கொட்டகைகளில் கண்டிருக்கிறேன். டூல் போஸ்ட்டும் கிராஸ் சிலைடும் முதலில், பின்பு சேடில், அதன்பின் தலைப்பெட்டி என்று ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடுக.

அழுக்கையும் இறுகிய எண்ணெயையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரச்சீவுளியாலோ பித்தளைத் தகட்டாலோ வழிக்க வேண்டும். படுக்கையில் உப்புத்தாள் தேய்ப்பது பெருந்தவறு. அதன் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பதிந்து, பின்னர்ச் சேடில் ஓடுந்தோறும் அரமாகி அராவும். மெல்லிய துருவை எண்ணெய் தோய்த்த நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்து எடுக்கலாம். பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். அக்கால வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம், அதன் தூசு குழந்தைகளுக்குக் கேடு. நனைத்துத் தேய்த்து, கழிவைத் திரட்டி அகற்றுக.

துருவேறிய சிறு உறுப்புகளுக்கு ஓர் எளிய முறை உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருவேறிய உறுப்பை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்க வைத்தால் ஓர் இரவில் துரு கழன்றுவிடும். உப்பைக் கரைக்கக் கூடாது. தகட்டுக்கு எவர்சில்வர் கூடவே கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் நீரில் கலக்கும். இம்முறையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்த வெளியில், தீயருகே இல்லாமல் செய்ய வேண்டும்.

கிராஸ் சிலைடைத் திருப்பும்போது கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழன்று, பின்னரே சிலைடு நகர்ந்தால் நட்டு தேய்ந்திருக்கிறது. இதனைக் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். பெரும்பாலான லேத்துகளில் இத்திருகாணி இடக்கை மரையுடையது என்பதை மறவாமல் அளவெடுக்க வேண்டும். பழைய நட்டைக் கொண்டே லேத்தை ஓட்டிப் புது நட்டைச் செய்து முடித்த பின்புதான் பழையதைக் கழற்ற வேண்டும் என்பது கூறாமலே விளங்கும். வால்பெட்டி அடிப்புறம் தேய்ந்து அதன் கூர்முனை தாழ்ந்திருந்தால், உடலுக்கும் அடித்தட்டுக்கும் இடையே மெல்லிய தகடு கொடுத்து உயர்த்தலாம்.

ஸ்பிண்டில் பேரிங்கை இறுக்கிய பின் நடுத்தர வேகத்தில் ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டுக. பேரிங்கு இருக்கும் இடத்தில் கையை வைத்திருக்க இயலாத சூடு ஏறினால் இறுக்கம் மிகுதி; சற்றுத் தளர்த்த வேண்டும். இளஞ்சூடு நல்ல அறிகுறி.

படுக்கையைச் சாணை பிடிப்பதே தீர்வு என்ற நிலை வந்தால், அவ்வேலையைச் செய்யும் பட்டறைகள் கோவை முதலிய தொழில் நகரங்களில் உள்ளன. சாணை பிடித்தபின் சேடில் அந்த அளவுக்குத் தாழ்ந்து, லீட் ஸ்குருவோடு ஒத்துப் போகாது. அதனை ஈடுசெய்யச் சேடிலின் அடியில் டர்சைட் என்னும் பட்டையை ஒட்டிச் சுரண்டிப் பொருத்துவர். இவ்விரண்டின் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பல சமயங்களில் அது லேத்தின் விலையை மிஞ்சிவிடும். வண்ணம் பூசுதலைப்பற்றி யாதும் எழுதவில்லை. விரும்பினால் கடைசியில் பூசிக்கொள்ளலாம்.

மட்டமும் முதற் சீவலும்

லேத்தைத் தடித்த சிமெண்டுத் தரையில் நிறுத்த வேண்டும். மண் தரையிலும் மரப்பலகையிலும் படுக்கை மெல்ல முறுக்கிக்கொள்ளும். எடை மிகுந்த வார்ப்பிரும்பு எங்ஙனம் முறுக்கும் என்று வியக்க வேண்டாம். ஒரு காலடியில் தாள் கனத்தகடு ஒன்றைச் செருகினாலே கடைசலில் வேறுபாடு தெரியும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் நுண்மட்டம் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடின், லேத்தே தன் பிழையைக் காட்டும் வழி ஒன்று உண்டு.

ஏறத்தாழ 40 மி.மீ. தடிப்புள்ள கம்பியைச் சக்கில் கவ்வி, 200 மி.மீ. வெளியே நீட்டி, வால்பெட்டியின் துணையின்றிச் சக்கருகே ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரு வளையங்களை விட்டு நடுவைச் சற்றுக் குறைத்துக் கடைக. பிறகு கூரிய உளியால், ஒரே அமைப்பில், மிக மெல்லிய சீவலாக இரு வளையங்களையும் கடைந்து மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் 0.01 மி.மீ.க்குள் ஒத்திருந்தால் நம் வேலைக்குப் போதும். நுனி வளையம் பெரிதாக இருந்தால், வால்பெட்டிப் பக்கத்தில் நாம் நிற்கும் புறத்துக் காலைச் சிறிது உயர்த்துக. படுக்கை பின்சாய்ந்து உளி பொருளை நெருங்கும். நுனி சிறுத்திருந்தால் எதிர்ப்புறத்துக் காலை உயர்த்த வேண்டும். பொறுமையோடு மூன்று நான்கு முறை செய்தால் அமைந்துவிடும். ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்வது நன்று.

அங்குலமும் மில்லிமீட்டரும்

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொணரப்பட்டு, 1960களின் தொடக்கத்தில் கட்டாயமாயின. பழைய லேத்துகளின் லீட் ஸ்குரு பெரும்பாலும் அங்குலத்துக்கு நான்கு மரை உடையது. இன்றைய போல்ட்டுகளோ மி.மீ. கணக்கின. இதனால் பழைய லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட இயலாது என்று கூறுவாருளர். அது சரியன்று. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; இதனை ஐந்தால் பெருக்கினால் 127 என்ற முழு எண் கிடைக்கிறது. ஆகவே 127 பற்களுள்ள சக்கரம் ஒன்று இருந்தால் போதும். ஓட்டும் சக்கரம் 30 பல், லீட் ஸ்குருவில் 127 பல் என்று பூட்டினால் 1.5 மி.மீ. இடைவெளியுள்ள மரை இம்மியும் பிசகாமல் வெட்டப்படும். இவ்வாறு வெட்டும்போது மரை முடியும்வரை லீட் ஸ்குருவின் பிடியை விடுவிக்கக் கூடாது. உளியை வெளியே இழுத்துக்கொண்டு மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டியே தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். லேத்து வாங்கும்போது இந்த 127 பல் சக்கரத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதேனும் ஒரு மூலையில் பயனறியாமல் கிடக்கும்.

மின்சாரமும் அனுமதியும்

விவசாயக் கிணற்றுக்கு அளிக்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து லேத்தை ஓட்டக் கூடாது. இது குற்றமாகும், அபராதத்தோடு கிணற்றின் இணைப்புக்கும் இடையூறு நேரும். குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கென மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. அதில் விண்ணப்பித்துத் தனி இணைப்புப் பெறுக. மும்முனை இணைப்புக் கிடைக்கத் தாமதமாகும் இடங்களில், ஒருமுனை மின்சாரத்தைக் கொண்டே மும்முனை மோட்டாரை ஓட்டும் வி.எஃப்.டி. என்னும் கருவியைச் சிறு லேத்துகளுக்குப் பொருத்தலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவுகிறது. தரையிணைப்பும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

இயந்திரங்களை நிறுவ ஊராட்சியின் அனுமதி பெறுவது குறித்து 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் விதி உண்டு. லேத்தை இறக்கிய பின்னன்று, இறக்குமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இத்தகைய விண்ணப்பத்தைக் காலங்கடத்தாது முடித்துவைத்தால் அது பெரிய உதவி. அண்டை வீட்டார்க்கு இரவில் இரைச்சல் நேராதவாறு நேரத்தை வரையறுத்துக்கொண்டால் பின்னர் வழக்கு எழாது. மானியக் கடன் பெற விரும்புவோர், பழைய இயந்திரத்துக்கு அத்திட்டம் பொருந்துமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுத் தெளிந்து, பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

காப்பு

தோளில் துண்டு, தொளதொளத்த வேட்டி, நீண்ட சட்டைக் கை, மோதிரம், கையுறை ஆகியவற்றுடன் ஓடும் லேத்தின் அருகே நிற்கலாகாது. சுழலும் சக்கு துணியின் ஓரத்தைப் பற்றினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி போதும். சக்குச் சாவியைக் கையிலிருந்து விடுமுன் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். செருகியபடி மோட்டாரைப் போட்டால் அது குண்டுபோல் பாயும். கண்ணாடியணியாமல் சீவல் எடுக்க வேண்டாம்.

சறுக்கு வழிகளுக்கு 68 தர எண்ணெயை நாள்தோறும் வேலை தொடங்குமுன் இடுக. தேங்காய் எண்ணெய் முதலியன பிசினாகிவிடும். கிரீஸ் சீவல் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் படுக்கைக்கு எண்ணெய் தடவிப் பருத்தித் துணியால் போர்த்துக. பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

இரும்புச் சீவல்களைக் கையால் அள்ளாமல் கொக்கியால் இழுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் சேர்க்க வேண்டும். கொட்டகை மாட்டுத் தொழுவத்தை ஒட்டியிருப்பின் இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பெருக்கிய குப்பையோடு சீவல் எருக்குழிக்கும், அங்கிருந்து வயலுக்கும், வைக்கோற்போருக்கும் சென்றுவிடும். மாடு தீனியை நுணுகி மெல்லாது விழுங்கும் இயல்புடையது. விழுங்கிய கூரிய இரும்பு வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, அடுத்திருக்கும் இதயம்வரை செல்லக்கூடும். கொட்டகைத் தரையைப் பெருக்கியபின் காந்தக் கட்டையொன்றைத் துணியில் சுற்றித் தரைமீது இழுத்தால் எஞ்சிய துகளும் ஒட்டிக்கொள்ளும். துணியைப் பிரித்து உதறினால் டப்பாவில் விழுந்துவிடும்.